ஒரு நோயின் பெயரை ஏன் மாற்றினார்கள்?

மூளையில் இரும்பு அளவுக்கு மீறிச் சேரும் அரிய பரம்பரை நோய் ஒன்று உண்டு. பெரும்பாலும் சிறு வயதிலேயே தொடங்கிவிடும். நடை தடுமாறும், கைகால்கள் விறைத்து முறுக்கிக்கொள்ளும், பேச்சு குழறும். 1922இல் இதை விவரித்த இரு ஜெர்மானிய மருத்துவர்களின் பெயரால், பல்லாண்டுகள் இதனை ‘ஹாலர்வோர்டன்-ஸ்பாட்ஸ் நோய்’ என்றே அழைத்தனர். இன்று மருத்துவ உலகம் அந்தப் பெயரைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது.

கைவிட்டது சரி என்பதே என் கருத்து. ஆனால் ஏன் கைவிட்டார்கள் என்பதைப் பாடநூலில் எழுதாமல் விடுவது சரியன்று.

ஹிட்லர் ஆட்சியில், 1940 தொடங்கி 1941 ஆகஸ்ட் வரை, மனநோயாளிகளும் உடற்குறை உள்ளவர்களுமாக ஏறத்தாழ 70,000 பேர் ஆறு நிலையங்களில் நச்சு வாயுவால் கொல்லப்பட்டனர். கொன்றவர்கள் தெருச்சண்டியர்கள் அல்லர். நோயாளியை நேரில் பாராமல், படிவத்தை மட்டும் பார்த்துச் சாவுக்குக் குறியிட்டவர்கள் மருத்துவர்கள். வாயுக்குழாயைத் திறந்தவர்களும் மருத்துவர்களே.

பெர்லினில் கைசர் வில்ஹெல்ம் மூளை ஆய்வு நிலையத்தில் ஒரு துறைக்குத் தலைவராக இருந்தவர் யூலியுஸ் ஹாலர்வோர்டன். கொல்லப்பட்டவர்களின் மூளைகளை அவர் நூற்றுக்கணக்கில் பெற்றுக்கொண்டார். அவற்றுள் குழந்தைகளின் மூளைகளும் இருந்தன. 1945இல் விசாரிக்க வந்த அமெரிக்க மருத்துவ அதிகாரி லியோ அலெக்சாண்டரிடம் அவர் எதையும் மறைக்கவில்லை. மூளைகள் எப்படி வந்தன என்பது தம்முடைய கவலை அன்று என்ற தோரணையில்தான் பேசினார்.

“எப்படியும் இறந்துவிட்டார்கள், ஆய்வுக்காவது பயன்படட்டுமே” என்று சிலர் வாதிடலாம். எனக்கு இது ஏற்புடையதாக இல்லை. கொலை நடப்பது தெரிந்தும், கொலைக்களத்திலிருந்து வருவதை வாங்கிக்கொள்பவர் வெறும் பார்வையாளர் அல்லர். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அவர் பெயரைத் தாங்கிய நோயால் நடக்க முடியாமல், பேச முடியாமல் போன ஒரு பிள்ளை 1940இல் ஜெர்மனியில் இருந்திருந்தால், கொல்லப்பட வேண்டியவர் பட்டியலில் அதன் பெயரும் ஏறியிருக்கக்கூடும்.

போருக்குப் பின் ஜெர்மனி நேச நாடுகளின் பிடியில் இருந்தது. 1946-47இல் நியூரம்பர்க்கில் நடந்த மருத்துவர்கள் வழக்கில் 23 பேர் குற்றவாளிக் கூண்டில் நின்றனர். ஹாலர்வோர்டன் அவர்களில் இல்லை. கைசர் வில்ஹெல்ம் கழகம் போய், 1948இல் அதன் இடத்தில் மேக்ஸ் பிளாங்க் கழகம் வந்தது. பெயர்ப் பலகை மாறியது. அவர் வேலை மாறவில்லை. அந்த மூளைகளிலிருந்து சீவி எடுத்த மெல்லிய துண்டுகள், கண்ணாடித் தகடுகளில் ஒட்டப்பட்டபடி அலமாரியில் பல்லாண்டுகள் கிடந்தன. அவர் 1965இல் இறந்தார்.

1990இல்தான் அத்தகடுகள் மியூனிக் நகர இடுகாடு ஒன்றில் புதைக்கப்பட்டன. அதோடு முடிந்தது என்றே பலரும் நினைத்தனர். பின்னர் மேலும் சில தகடுகள் வெளிப்பட்டன. அவை யாருடையவை என்று பழைய மருத்துவமனைக் கோப்புகளைப் புரட்டி, ஒவ்வொரு பெயராக மீட்டெடுக்கும் பணி 2017இல் தொடங்கியது.