இசைக்கு மொழி இல்லையாமே!

'இசைக்கு மொழி கிடையாது' என்று மேடையில் யாராவது உருகினால் நீங்களும் கை தட்டுவீர்கள்தானே? அடுத்த முறை தட்டாதீர்கள். தன் மொழிக்கு ஆபத்தே வராதவர்கள் பேசுகிற வசனம் அது.

சிகாகோவில் பில்சன் என்றொரு பேட்டை. மெக்ஸிகோவிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. 1991-ல் அங்கே 'லாஸ் க்ரூடோஸ்' என்ற பங்க் குழு கிளம்பியது. பாடகர் மார்ட்டின் சோரொண்டேகி, உருகுவேயில் பிறந்து சிகாகோவில் வளர்ந்தவர். பாட்டு என்றதும் மெலடி என்று நினைத்துவிடாதீர்கள். தொண்டை கிழியக் கத்தல். பல பாட்டு ஒரு நிமிஷம்கூட ஓடாது. ஆனால் கத்தியது ஸ்பானிஷில். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே, எதற்காகக் கத்துகிறோம் என்று கூட்டத்துக்கு விளக்கமும் சொல்வார்.

லத்தீன் அமெரிக்கர்களைத் திட்டும் கெட்ட வார்த்தையைச் சேர்த்து, 'அந்தக் குழுதானே?' என்று இவர்களை இளக்காரம் செய்தார்கள். அந்த வசவையே தலைப்பாக வைத்துப் பாட்டுப் போட்டார்கள் பாருங்கள், அதை மட்டும் ஆங்கிலத்தில்! திட்டினவனுக்குப் புரிய வேண்டாமா?

எதற்கு இவ்வளவு கோபம் என்கிறீர்களா? 1994-ல் கலிஃபோர்னியாவில் 'புரபொசிஷன் 187' என்று ஒன்றை ஓட்டெடுப்புக்கு விட்டார்கள். உரிய ஆவணம் இல்லாமல் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி கிடையாது. அவசர சிகிச்சை தவிர அரசு மருத்துவம் கிடையாது. வாத்தியாரும் டாக்டரும் சந்தேகப்பட்டவர்களைக் காட்டிக்கொடுக்க வேண்டும். ஓட்டுப் போட்டவர்களில் சுமார் 59 சதவிகிதம் பேர் 'சரி' என்றார்கள்! கோர்ட் தடுத்ததால் தப்பித்தார்கள்.

வயலில் குனிந்து பறிக்க அப்பன் வேண்டும். பிள்ளை பெஞ்சில் உட்காரக் கூடாது. நானும் பி.காம். படித்தவன்தான். உழைப்பை வரவில் எழுதிக்கொண்டு மனுஷனை மட்டும் செலவில் தள்ளுகிற கணக்கை எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

'பங்க் வெள்ளைக்காரன் சமாச்சாரம், இவர்கள் காப்பி' என்றும் ஒரு பேச்சு உண்டு. அப்படியா? நியூயார்க்கில் ரமோன்ஸ் ஆரம்பித்தது 1974-ல். பெருவின் லிமா நகரத்தில் 'லாஸ் சைக்கோஸ்' பையன்கள் 1965-லேயே அலறிக்கொண்டிருந்தார்கள். 1977-ல் லாஸ் ஏஞ்சலீஸ் பங்க் கூட்டத்தின் முன்வரிசையில் நின்று கர்ஜித்த ஆலிஸ் பேக், மெக்ஸிகோக் குடும்பத்துப் பெண்.

சோரொண்டேகி தன் இசைத்தட்டு கம்பெனிக்கு வைத்த பெயர் 'லெங்குவா அர்மாடா'. ஆயுதமேந்திய நாக்கு என்று அர்த்தம். ஸ்பானிஷில் நாக்குக்கும் மொழிக்கும் ஒரே வார்த்தைதான். இந்தக் கூட்டத்தின் கதையை 1999-ல் அவரே ஆவணப்படமாகவும் எடுத்தார். 'கத்தல்களுக்கு அப்பால்' என்று பொருள் வரும் தலைப்பு. தேடிப் பாருங்கள், காதைப் பொத்திக்கொண்டாவது.