இழவு நம்முடையது, எதிரி யார்?

'பிளாக் பேந்தர்: வகாண்டா ஃபாரெவர்' என்று பேச்செடுத்தாலே நம் தோழர்கள் இரண்டாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு சாரார், "டிஸ்னிக்காரன் காசு பாக்க எடுத்த படத்துல என்னய்யா அரசியல்?" என்கிறார்கள். இன்னொரு சாரார் கையை மார்புக்குக் குறுக்கே வைத்து வகாண்டா வணக்கம் போட்டு, விடுதலையே வந்துவிட்ட மாதிரி நிற்கிறார்கள். ரெண்டு பேரோடும் எனக்குச் சண்டை இருக்கிறது.

முதல் ஆளுக்கு முதலில். 2018இல் வந்த முதல் படத்தில் அரசன் டிசாலாவாக நடித்த சாட்விக் போஸ்மேன் 2020 ஆகஸ்டில் குடல் புற்றுநோயால் செத்துப்போனார். வயது 43. நோயை வெளியே சொல்லாமலே நடித்துக்கொண்டிருந்தவர். அந்த வேடத்துக்கு வேறொருவரைப் போட்டு ஒப்பேற்றியிருக்கலாம். இயக்குநர் ரயன் கூக்ளர் அப்படிச் செய்யாமல், 2022இல் வந்த இந்த இரண்டாம் படத்தை டிசாலாவின் சாவிலிருந்தே தொடங்கினார். வெள்ளை உடுத்திய கூட்டம், மேளம், ஆட்டம், நடுவே பாடை. அழுகையும் ஆட்டமும் சேர்ந்தே போகிற சாவு நமக்கென்ன புதுசா? சனங்களை இழுத்தது முதலில் இந்த இழவுதான். சாகசமெல்லாம் அதற்குப் பிறகு.

அரசி ரமோண்டாவாக வரும் ஆஞ்சலா பாசெட்டைப் பாருங்கள். வகாண்டா தன் வைப்ரேனியம் உலோகத்தை உலகத்தோடு பங்கு போடவில்லை என்று ஐ.நா. கூட்டத்தில் குற்றப்பத்திரிகை வாசிக்கிறார்கள். அவள் நிதானமாகக் கேட்டுக்கொள்கிறாள். அதைத் திருட வந்து பிடிபட்ட பிரெஞ்சு ஆயுதக்காரர்களைச் சபை நடுவே மண்டியிட வைக்கிறாள். களவாண்டவனே பஞ்சாயத்தில் உட்கார்ந்து நம்மிடம் நியாயம் கேட்கிறதை அனுபவித்தவர்களுக்குத்தான் அந்தக் காட்சியின் ருசி தெரியும். பிறகு மகளையும் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று கேட்டவுடன் தளபதி ஒக்கோயே மேல் வெடிக்கிறாளே, அது அரசியின் கோபமா? புருசனையும் மகனையும் பறிகொடுத்த ஒருத்தியின் வயிறு எரிகிறது. எதிரே பேச்சற்று நிற்கும் டனாய் குரிராவின் முகமும் அதே அளவு பேசுகிறது. மார்வெல் படமொன்றில் நடித்ததற்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் ஆள் பாசெட்தான். விருது கிடைக்கவில்லை. 1993 படத்தில் டினா டர்னராக நடித்ததற்கும் பரிந்துரையோடு சரி. 2024இல் கௌரவ விருது ஒன்றைக் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். இதில் அரசியல் இல்லை என்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு படம் பார்த்தவர்.

இப்போது வணக்கம் போடும் தோழருக்கு. அந்த வணக்கம் யாரை எதிர்த்து?

படத்தில் கடலுக்கடியில் தலோக்கான் என்றொரு நாடு. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கொண்டுவந்த பெரியம்மையிலிருந்தும் அடிமைத்தனத்திலிருந்தும் தப்பித் தண்ணீருக்குள் இறங்கிய மாயா மக்களின் நாடு. அவர்கள் தலைவன் நேமோர். தாயைப் புதைக்கக் கரையேறிய பிள்ளை, தன் சனத்தைப் பண்ணையில் வதைப்பதைப் பார்த்து அந்தப் பண்ணையைக் கொளுத்துகிறான். டெனோச் உவெர்ட்டா அவனை வில்லனாக நடிக்கவே இல்லை. காயம்பட்ட மனுசனாகத்தான் நடிக்கிறார். ஷூரியாக வரும் லெட்டீஷியா ரைட்டும் அவரும் உட்கார்ந்து பேசும் காட்சியில், இந்த ரெண்டு பேரும் ஒரே துக்கத்தின் பங்காளிகள் என்று தெரிந்துவிடுகிறது. நடிகர்களுக்குத் தெரிந்தது திரைக்கதைக்குத் தெரியவில்லை.

ஏனென்றால் அடுத்து நடப்பது என்ன? வைப்ரேனியம் தேடிக் கடலைத் துளைத்தவன் அமெரிக்கக்காரன். பிரச்சினையைத் தொடங்கியவன் அவன். ஆனால் வெட்டிக்கொண்டு சாவது வகாண்டாவும் தலோக்கானும். கறுப்பு உடம்பும் மாயா உடம்பும் கடலில் விழ, அமெரிக்கா மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. போதாததற்கு நல்ல மனசுள்ள சி.ஐ.ஏ. அதிகாரி ஒருவர் வேறு. அவரைக் காப்பாற்றும் வேலையும் ஒக்கோயே தலையில். சேரிக்குள் ரெண்டு தெருவை மோதவிட்டு, ஊர்க்காரன் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிற கதைதானே இது?

நிசமான வைப்ரேனியக் கதை காங்கோவில் இருக்கிறது. 1945இல் ஹிரோஷிமாவில் போட்ட குண்டுக்கு யுரேனியம் பெருமளவு அங்கே ஷின்கோலோப்வே சுரங்கத்திலிருந்துதான் போனது. அந்த நாட்டின் முதல் பிரதமர் லுமும்பாவைத் தீர்த்துக்கட்டச் சி.ஐ.ஏ. சதி செய்தது, 1961இல் பெல்ஜியக்காரர்களின் துணையோடு அவரைக் கொன்றார்கள்.

பேரையும் கொஞ்சம் யோசியுங்கள். 1966இல் காமிக்ஸில் பிளாக் பேந்தர் வந்தான். அதே வருசம் ஓக்லாந்தில் ஹியூயி நியூட்டனும் பாபி சீலும் பிளாக் பேந்தர் கட்சியைத் தொடங்கினார்கள். காமிக்ஸ்காரனுக்கு மாளிகை, கட்சிக்காரனுக்குத் துப்பாக்கிக் குண்டு. 1969 டிசம்பரில் சிகாகோவில் 21 வயது ஃபிரெட் ஹாம்ப்டனைப் படுக்கையிலேயே போலீஸ் சுட்டுக் கொன்றது. 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ராஜா டாலேயும் ஜே.வி. பவாரும் தலித் பேந்தர் தொடங்கியபோது பேரை எடுத்தது அந்தக் கட்சியிடமிருந்துதான். நம் சிறுத்தை அந்த வழியில் வந்தது, அரண்மனை வழியில் வரவில்லை.

கூக்ளருக்கு இதெல்லாம் தெரியாததல்ல. அவரும் ஓக்லாந்து பிள்ளைதான். ஆனால் முதல் படத்தில் ஓக்லாந்திலிருந்து வந்த கில்மாங்கர், ஒடுக்கப்பட்டவனுக்கு ஆயுதம் கொடு என்றான். அவனைக் கொலைகாரனாக்கிக் கொன்றார்கள். இரண்டாம் படத்தில் நேமோர் எதிர்த்தான். அவனை மண்டியிட வைத்தார்கள். கோபப்படுகிறவன் எப்போதும் தோற்கவேண்டும், சிம்மாசனம் எப்போதும் மிஞ்சவேண்டும். இந்தக் கணக்கு நமக்குப் பழசு.

கடைசிக் காட்சியில் டிசாலாவின் ஒளித்துவைத்த பிள்ளையை ஹைட்டியில் பார்க்கிறோம். பேர் துசேன். 1791இல் எழுந்த அடிமைகளின் கலகத்துக்குத் தலைமை தாங்கி, 1803இல் பிரெஞ்சுச் சிறையில் செத்த துசேன் லூவெர்த்யூரின் பேர். அவன் செத்த மறு வருசம் ஹைட்டி சுதந்திர நாடானது. ஆனால் படத்தில் அந்தப் பிள்ளை என்ன சொல்கிறது? அது ஹைட்டிப் பேராம். நிசப் பேர் இளவரசன் டிசாலாவாம்.

தோழர்களே, படத்தைப் பாருங்கள், அழவும் செய்யுங்கள். அந்த இழவு நம்முடையது. இளவரசன் பேரை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். துசேன் என்கிற பேரை நாம் எடுத்துக்கொள்வோம்.