மார்க் போட்டால் போதுமா?

பி.எட். படிக்கிறவர்கள் பயிற்சிக்காகப் பள்ளிக்கூடம் போகிறார்கள். 2014-ம் ஆண்டு விதிப்படி மொத்தம் 20 வாரம். போன சில நாளிலேயே விடைத்தாள் கட்டு கைக்கு வந்துவிடுகிறது.

52-ல் 27 போனால் மீதி 35 என்று ஒரு பையன் எழுதியிருக்கிறான். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. மார்க் பூஜ்யம். அதோடு கதை முடிந்தது!

பையன் மக்கு அல்ல. 2-ல் 7 போகாது. அதனால் 7-ல் 2-ஐக் கழித்துவிட்டான். 'கடன் வாங்குவது' அவனுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். "எப்படிப்பா போட்டே?" என்று ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். பூஜ்யம் அதைச் சொல்லாது.

இதற்காகத்தானே தொடர் மதிப்பீடு வந்தது! தமிழ்நாட்டில் 2012-13-ல் 8-ம் வகுப்பு வரை வளரறி மதிப்பீட்டுக்கு 40 மார்க், தொகுத்தறித் தேர்வுக்கு 60 மார்க் என்று பிரித்தார்கள். அந்த 40-ஐயும் கடைசி நாளில் உட்கார்ந்து நிரப்பினால் யாருக்கு என்ன பயன்?

விடைத்தாள் திருத்துவது சுலபம். தப்பு எங்கே பிறந்தது என்று கண்டுபிடிப்பதுதான் வாத்தியார் வேலை. பயிற்சிக்கு வரும் இளைஞர்களுக்கு மூத்த ஆசிரியர்கள் முதலில் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்!