வானத்து வேலி

வானத்திலே வேலி உண்டா? உண்டு, தோழர்களே! பெருநகர்களின் மேலே, கண்ணுக்குத் தெரியாத வேலி. கட்டுப்பாட்டு நிலையத்தின் அனுமதியின்றிச் சிறு விமானம் எதுவும் அதனுள் நுழையலாகாது.

1986 ஆகஸ்ட் 31, ஞாயிறு. மறுநாள் அமெரிக்கத் தொழிலாளர் திருநாள். லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே செரிட்டோஸ் ஊரின் மேலே 6,000 அடியில் தொடங்கிற்று வேலி. சிறு விமானமொன்று, தவறுதலாக, சில நூறு அடி உள்ளே ஏறிவிட்டது. தெளிந்த வானந்தான், ஆயினும், இறங்கிவந்த ஏரோமெக்சிகோ விமானத்தோடு மோதிற்று! மாண்டோர் 82 பேர். அவர்களிலே 15 பேர் எந்த விமானத்திலும் ஏறாதவர்கள். தரையிலே இருந்தவர்கள்!

விமானியைத் தூற்றுவது எளிது. நாம் விதியைக் கேட்கிறோம். உயரத்தைத் தானே அறிவிக்கும் கருவி அந்தச் சிறு விமானத்தில் இல்லை. வேலிக்கு வெளியே, அந்த உயரத்தில் பறப்போருக்கு அது தேவையில்லை என்றது அன்றைய விதி. தவறி உள்ளே வந்தால்? அதற்கு விடை இல்லை!

பிறகு வந்தது சட்டம். பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைலுக்குள் அந்தக் கருவி கட்டாயம். பயணி விமானங்களில் மோதல் எச்சரிக்கைக் கருவியும் கட்டாயம். நல்லது, வரவேற்போம். ஆனால் 1978-லேயே சான் டியேகோவில் சிறு விமானமும் பயணி விமானமும் மோதி 144 பேர் மடிந்தார்களே! இடையிலே கிடைத்த எட்டாண்டுகள் போதவில்லையா, ஆள்வோருக்கு?