‘ஹிப்பி’ எனும் பட்டம்

பட்டம் ஒன்றைச் சூட்டிவிட்டால் போதும், வாதம் முடிந்தது, வழக்குத் தீர்ந்தது என்று மார்தட்டுவோர் எந்நாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் அப்படிச் சூட்டப்பட்ட பட்டங்களுள் ஒன்று ‘ஹிப்பி’. நம் நாட்டிலும் 1970களில் அதைக் கடன் வாங்கினர். காதை மறைக்க முடி வளர்த்த கல்லூரி மாணவனைக் கண்டால் ‘ஹிப்பித் தலை’ என்று ஏசினர். முடிதிருத்தகத்துக்குப் போக மறந்தவனெல்லாம் ஹிப்பி! கேட்கிறோம், அச்சொல்லுக்குப் பொருள் தலைமயிர்தானா?

அதன் வேர் மயிரில் இல்லை, மதியில் இருக்கிறது. ‘ஹிப்’ என்றால் விவரம் அறிந்தவன், எளிதில் ஏமாறாதவன். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சில் வழங்கி, ஜாஸ் இசைக் கலைஞர் வழியே பரவிய சொல் அது. 1940களில் அவ்விசையில் தோய்ந்தோர் ‘ஹிப்ஸ்டர்’ எனப்பட்டனர். அவர்களைப் பார்த்து நடையுடை பழகிய இளையோரைச் சற்றே இளக்காரமாகக் குறுக்கி அழைத்ததுதான் ஹிப்பி. ஒதுக்கி வைக்கப்பட்ட மக்கள் ஈன்ற சொல், வசதி படைத்த வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளின் பெயராயிற்று!

1965 செப்டம்பரில் ‘சான் பிரான்சிஸ்கோ எக்சாமினர்’ ஏட்டின் செய்தியாளர் மைக்கேல் ஃபாலன், அந்நகரின் ஹெய்ட்-ஆஷ்பரி வட்டாரத்துக் காப்பிக்கடையில் கூடிய இளைஞர்களை அப்பெயரால் எழுதினார். ‘குரோனிக்கிள்’ ஏட்டில் பத்தி எழுதிய ஹெர்ப் கேன் அதைப் பரப்பினார். சோவியத்து ஸ்புட்னிக் வானில் பறந்த மறு ஆண்டே, 1958இல், பீட் எழுத்தாளர் வழி நடந்தோரை ‘பீட்னிக்’ என்று பெயரிட்டு எள்ளியவரும் அவரே! கைதேர்ந்தவர்தாம். 1967 சூலையில் ‘டைம்’ இதழ் ஹிப்பிகளை அட்டையிலேயே ஏற்றிற்று.

ஏன் இத்தனை ஆர்வம்? அந்நாளில் வியட்நாமில் குண்டுமழை. பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளைகளுக்குப் படையிலிருந்து அழைப்பு. எங்கோ வாழும் ஏழை உழவனை நாங்கள் ஏன் கொல்ல வேண்டும் என்று அவர்களுள் பலர் கேட்டனர். விடை சொல்வது கடினம். கேட்டவனை ஹிப்பி என்பது எளிது. குளிக்காதவன் கேட்கும் கேள்விக்கு விடை எதற்கு? 1967இல் கலிபோர்னிய ஆளுநராகப் பொறுப்பேற்ற ரீகன் இலக்கணமே வகுத்தார்: டார்சானின் உடை, ஜேனின் கூந்தல், சீட்டா எனும் குரங்கின் வாடை, இவை மூன்றும் சேர்ந்தவன் ஹிப்பியாம்! நடிகராயிருந்தவர் அல்லவா, உவமையும் திரைப்படத்திலிருந்தே வந்தது. கேட்டவர் சிரித்தனர். அந்தச் சிரிப்பொலியில் வியட்நாமின் அழுகுரல் எவர் செவியில் விழும்?

அவர்கள் அனைவரையும் நாம் தலைமேல் தூக்கி வைக்கவில்லை. எல்.எஸ்.டி. போதையில் வாழ்வைத் தொலைத்தோர் உண்டு. வல்லரசை எதிர்த்து நின்ற அறிவு, சாமியார்களின் காலடியில் போய்ச் சுருண்டதை எண்ணி நகைப்பதா, வருந்துவதா? ஆனால், அதே ஹெய்ட்-ஆஷ்பரியில்தான் ‘டிக்கர்ஸ்’ குழுவினர் பூங்காவில் பசித்தோர்க்கு விலையின்றி உணவு வழங்கினர். அங்கேதான் 1967 சூனில் மருத்துவர் டேவிட் ஸ்மித் இலவச மருத்துவமனை திறந்தார். சோம்பிக் கிடந்தவனும் ஹிப்பி, சோறிட்டவனும் ஹிப்பி!

பட்டம் சுமந்தவர்களுக்கே அது சலித்துப் போயிற்று. 1967 அக்டோபர் 6ஆம் நாள் சவப்பெட்டி தூக்கித் தெருவில் ஊர்வலம் சென்று, ‘ஹிப்பி’ இறந்துவிட்டான் என்று அறிவித்தனர். அவன் செய்தி ஏடுகள் பெற்ற பிள்ளை என்று இழவுச் செய்தியிலேயே அச்சிட்டனர். எவ்வளவு கூர்மையான கேலி!

பெற்றவர்கள் விடுவார்களா? புதைத்ததைத் தோண்டி எடுத்தனர். 1969 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிசில் மேன்சன் கூட்டத்தார் புரிந்த கொலைகள் அம்பலமானதும், அமைதி பேசிய அத்தனை பேரும் கொலைகாரரின் சுற்றத்தாராக்கப்பட்டனர். கறுப்பின மக்களை வெறுத்த அந்த மேன்சனை ஏடுகள் எச்சொல்லால் அழைத்தன? அம்மக்களின் பேச்சில் பிறந்த, விவரம் அறிந்தவன் என்று பொருள்பட்ட, அதே சொல்லால்!