சிப்பி திறக்க முன்னம் வாங்கின ஆக்கள்

மன்னார்க் கருவாட்டுக்கு விளம்பரம் தேவையில்லை, பேரே கதைக்கும் எண்டு எங்கட ஊரில ஒரு பெருமை இருக்கு. பேர் கதைக்குது, உண்மைதான். அந்தப் பேரால வாற காசு எங்க போய்ச் சேருது எண்டதுதான் எங்கட கேள்வி.

வியாபாரி வியாபாரிக்கு விக்கிற விசயத்தில இந்தக் கரைக்குப் பழைய அனுபவம் இருக்கு. அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பைத்தான் சொல்லுறம். பிரித்தானியர் காலத்தில், குளிப்பு நடத்துவதற்கு முன்னர் பார்களில் இருந்து மாதிரிக்கெனச் சில ஆயிரம் சிப்பிகளை எடுப்பார்கள். அவற்றை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளை விசயம் தெரிந்தவர்களைக் கொண்டு மதிப்பிடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறுமதி என்ற கணக்கோடு அறிவித்தல் வெளிவரும். அதைப் பார்த்து இந்தியக் கரையில் இருந்தும் வியாபாரிகள் வருவார்கள்.

பிறகு ஏலம். திறக்காத சிப்பி, ஆயிரம் ஆயிரமாக. உள்ளுக்கு முத்து இருக்கோ இல்லையோ, வாங்கிறவருக்கும் தெரியாது, விக்கிற அரசுக்கும் தெரியாது. வாங்கின சிப்பியில கொஞ்சத்தை இரவில ஒருத்தர் திறந்து பார்த்தா, அந்தக் கதை முகாம் முழுக்கப் பரவும். அடுத்த நாள் விலை அந்தக் கதையோட ஏறும், இல்லாட்டி இறங்கும். 1905இல் மரிச்சுக்கட்டியில் 8 கோடிக்கு மேல் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய். ஆக்களைக் கூட்டி வந்தது எழுத்து. விலையை வைச்சது வாய்.

(அந்த ஆட்சிக்கு நாங்கள் பாராட்டுப் பத்திரம் வாசிக்கேல்ல. மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, மிச்சம்தான் மூச்சடக்கிக் குளிச்சவனுக்கு. 1906இல் 20 வருடக் குத்தகைக்கு ஒரு கம்பனியிட்டக் குடுத்தாங்கள்; சில வருடங்களில சிப்பியும் இல்லை, கம்பனியும் இல்லை.)

இண்டைக்கு பேசாலையில, வங்காலையில, தாழ்வுபாட்டில என்ன நடக்குது? வாய் நல்லா வேலை செய்யுது. ஆருடைய வாடியில உப்பு அளவா இருக்கும், ஆர் ஈரச் சரக்கை அடியில வைச்சுக் கட்டுறது எண்டு லொறிக்காரருக்கு அத்துப்படி. ஆனா அந்தக் கதை லொறியோட நிண்டிடும். புறக்கோட்டையில மூட்டையை இறக்கினாப் பிறகு எல்லாம் 'மன்னார்க் கருவாடு'தான். நல்லாக் காயவைச்ச பொம்பிளையும் ஏமாத்தினவரும் ஒரே மூட்டையில. பேர் கடைக்காரருக்கு மிஞ்சும்.

நீலக்கால் நண்டில கதை கொஞ்சம் வேற. என்ன வலை, என்ன அளவு, சினை நண்டு எவ்வளவு எண்டு ஏற்றுமதிக்காரரும் ஆய்வாளரும் எழுதி வைச்சபடியால், கடல் கடந்து வாங்கிற கம்பனிக்குக் காட்ட ஒரு கடதாசி இருக்கு. கருவாட்டுக்கு அப்பிடி ஒண்டும் எங்கட கண்ணில படேல்ல.

கொழும்பு ஹோட்டலுக்கும் ரொறன்ரோவில, லண்டனில இருக்கிற தமிழ்க் கடைகளுக்கு இறக்கிறவருக்கும் ஒரே பயம்தான்: முதல் மூட்டை மாதிரி பத்தாவது மூட்டையும் இருக்குமோ? அழகான படம் அந்தப் பயத்தைப் போக்காது. பருவத்துக்கு ஒரு பக்கம் எழுதுங்கோ: எந்த மீன், எந்தக் கிழமை வெட்டினது, எவ்வளவு உப்பு, எத்தனை நாள் வெயில். கெட்டதையும் எழுதுங்கோ. சோளகம் எழும்பினா மண் படும், அந்த மாதங்களில தட்டியில காய்ஞ்சதை மட்டும்தான் தருவம் எண்டு எழுதினவரைத்தான் வாங்கிறவர் நம்புவார். பிறகு வாங்கின ஒருத்தரிட்டக் கேளுங்கோ, இதை இன்னொருத்தருக்குச் சொல்லச் சொல்லி. பத்துப் பேர் சொன்னாலே ஒரு பருவச் சரக்கு முடிஞ்சிடும், ஆயிரம் பேர் தேவையில்லை.

இதில ஒரு ஆபத்து இருக்கு, அதை மறைக்க ஏலாது. எஞ்சினுக்கும் வலைக்கும் முற்பணம் தந்த முதலாளிக்குத்தான் சரக்குக் குடுக்கோணும் எண்டு கட்டுப்பட்ட குடும்பங்கள் கனக்க. தனி ஆள் நேர கொழும்புக்கு எழுதினா, அடுத்த பருவத்துக்கு அந்தக் கை நீளாது. அதனால எழுத்து கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பேரில போகோணும், உள்ளுக்கு ஒவ்வொரு வாடியின்ர பேரும் தனித்தனியா இருக்கோணும். சங்கத்தில எழுத ஆளில்லை எண்டு சொல்லுவினம். வர்த்தகப் பிரிவில உயர்தரம் முடிச்சுப் போட்டு கொழும்பு பஸ்ஸுக்குக் காத்திருக்கிற எத்தனை பேர் எங்களுக்குள்ள இருக்கிறம்?

கட்டாக் கருவாட்டோட தொடங்கலாம். சூடை பிறகு வரட்டும்.