கொதிக்கிற தண்ணியை ஊத்துங்க சார்!

கியோட்டோவில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. நூடுல்ஸை முடித்து நிமிர்ந்தால், கேட்காமலேயே ஒரு குவளையைக் கொண்டுவந்து வைத்தார்கள். செம்பழுப்பு நிறம். வாயில் வைத்தால் வறுத்த வாசனை, லேசான இனிப்பு. கசப்பு பேருக்குக்கூட இல்லை. 'எவ்வளவு?' என்று பயந்துகொண்டே கேட்டேன். காசு கிடையாதாம். பெயர் ஹோஜிச்சா.

அதே ஹோஜிச்சாவைப் பொடியாக்கி, பாலும் சிரப்பும் ஊற்றி, நுரை கட்டி, ஏ.சி. காபி ஷாப்பில் உட்காரவைத்து, ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசைக் கறக்கிறார்கள் இப்போது. என் சண்டை இங்கேதான் ஆரம்பம்.

நான் பி.காம். காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'பை-ப்ராடக்ட்' என்று ஒரு அத்தியாயம் வரும். முக்கியச் சரக்கைச் செய்யும்போது கூடவே மிச்சமாகிற சமாச்சாரத்தை என்ன விலைக்குக் கணக்கில் காட்டுவது என்று மண்டையை உடைத்துக்கொள்வோம். ஹோஜிச்சா அசல் பை-ப்ராடக்ட். நிழல் கட்டி வளர்த்த இலை க்யோகுரோவாகவும் மாச்சாவாகவும் போகும். வெயிலில் வளர்ந்த கொழுந்து சென்ச்சாவாகும். பருவம் தாண்டிப் பறித்த முற்றல் இலைக்குப் பெயர் பன்ச்சா. அதையும், கழித்துப் போட்ட காம்பையும் தண்டையும் என்ன செய்வது? 1920-களில் கியோட்டோ வியாபாரிகள் எடுத்து வறுத்தார்கள். சாதாரண ஜனங்களுக்கு நல்ல டீ கிடைத்தது. காம்பை மட்டும் வறுப்பதில் கனஸாவா ஊர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். அந்த வகைக் காம்புச் சரக்கு 1983-ல் சக்கரவர்த்திக்கே போயிருக்கிறது. கழிவுக்கு வந்த மரியாதையைப் பாருங்கள்!

மந்திரம் எல்லாம் சூட்டில் இருக்கிறது. சுமார் 200 டிகிரியில் இலையின் அமினோ அமிலமும் சர்க்கரையும் கைகோத்து, பைரஸீன் என்கிற வாசனைக் கும்பலை உண்டாக்குகின்றன. தெருமுனைக் காபிக்கொட்டைக் கடை மணக்கிறதே, வறுத்த வேர்க்கடலை மணக்கிறதே, அங்கேயும் வேலை செய்வது இதே கும்பல்தான். துவர்ப்பைத் தருகிற கேட்டகின் வறுக்கும்போது குறைந்துவிடுகிறது. 'க்ரீன் டீயா? ஐயோ, கஷாயம்' என்று முகம் சுளிக்கிற உங்கள் வீட்டுக்காரர்கூட இதை மறுக்கமாட்டார்.

அடுத்து, தெர்மாமீட்டர் பார்ட்டி. எந்த ஜப்பான் டீயைக் கண்டாலும் 'எழுபது டிகிரி, எழுபது டிகிரி' என்று சாமியாடுகிறவர்கள். க்யோகுரோவுக்கு ஐம்பது, அறுபது. சென்ச்சாவுக்கு எழுபது, எண்பது. நியாயம்தான், அதற்கு மேல் போனால் கசப்பு இறங்கிவிடும். இங்கேதான் கசப்பே இல்லையே, எதற்குப் பயம்? வெதுவெதுப்பில் போட்டால் வாசனை கிளம்பாது. கொதிக்கிற தண்ணியையே ஊத்துங்க சார். கால் லிட்டர் தண்ணீருக்கு எட்டு கிராம். முப்பது விநாடி. கடைசிச் சொட்டுவரை வடித்துவிடுங்கள். மூடி வைத்துவிட்டு போன் பேசப் போனீர்களானால் அதற்கு நான் பொறுப்பில்லை. இரண்டாவது தடவையும் ஊற்றலாம், கொஞ்சம் இளைத்துப்போய் வரும்.

பால் ஊற்றிக் குடிப்பது குற்றமில்லை. நானும் குடித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லி விற்பதுதான் எரிச்சல். 'கஃபைன் இல்லாத டீ' என்று ஒரு பாக்கெட்டில் பார்த்தேன். ஜப்பான் அரசாங்கமே உணவுச் சத்து அட்டவணை போடுகிறது. அதில் 100 மி.லி. காபியில் 60 மில்லிகிராம், ஹோஜிச்சாவில் 20. நல்லது, மூன்றில் ஒன்று. ஆனால் பக்கத்து வரியைப் படியுங்கள். சென்ச்சாவிலும் அதே 20! குறைவு என்றால் ஒப்புக்கொள்கிறேன், இல்லை என்றால் எப்படி? அதுவும் வடித்துக் குடித்தால். பொடியைக் கலக்கிக் குடிக்கிறவர் இலையையே அல்லவா சேர்த்து விழுங்குகிறார்?

இதையெல்லாம் விடக் கவலை ஒன்று உண்டு. 2024-ல் உலகம் முழுக்க மாச்சா பைத்தியம் பிடித்து, கியோட்டோவின் பெரிய கடைகளே 'ஆளுக்கு இவ்வளவுதான்' என்று அளந்து விற்றன. நல்ல காசு வருகிறது என்று தோட்டக்காரர்கள் மாச்சா இலைக்குத் திரும்பினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? நானாயிருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஆனால் விளைவு என்ன? 2025-ல் பன்ச்சா விலையும் எகிறிவிட்டது. மாச்சா அலையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஹோஜிச்சா லாட்டேயும் ஊர் ஊராகக் கிளம்பிவிட்டது. கேட்காமலேயே ஒரு குவளை வைத்தாரே, அந்தச் சாப்பாட்டுக் கடைக்காரர் இனி எந்தக் கணக்கில் அதை எழுதுவார்?

உங்களுக்கு ஒரு செலவில்லாத வழி சொல்கிறேன். யாரோ ஃபாரினிலிருந்து கொண்டுவந்து கொடுத்த க்ரீன் டீ, உங்கள் அலமாரியில் வாசனை போய்க் கிடக்கும். தூக்கிப் போடாதீர்கள். எண்ணெய் படாத வாணலியில், சின்னத் தீயில், கை ஓயாமல் ஆட்டிக்கொண்டே வறுங்கள். இதற்கென்றே ஜப்பானில் ஹோரோகு என்று கைப்பிடி வைத்த மண்சட்டி இருக்கிறது, நமக்கு வாணலி போதும். பச்சை பழுப்பாகி, லேசாகப் புகை கிளம்பி, அடுத்த அறையில் டி.வி. பார்க்கிறவர் 'என்ன வாசனை?' என்று எழுந்து வருகிற நேரத்தில் அடுப்பை அணைத்துவிடுங்கள். ஒரு நிமிஷம் தாண்டினால் கரி.